பூட்டு வங்கியிடம், திறவுகோல் நம்மிடம்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

அந்நாளில் எங்கள் வீட்டுச் சேமிப்பு அரிசிப் பானைக்குள் இருந்தது. இன்றோ தாம்பரம் இரயில் நிலையத்தருகே பூ விற்கும் என் தாயின் சேமிப்பு வங்கிக் கணக்கில் இருக்கிறது. அதன் வாசல் அவர் கைப்பேசியில் இருக்கிறது. அதைக் காப்பவர் யார்?

வங்கிகள் காக்கின்றன, மறுப்பதற்கில்லை. கடவுச்சொல் ஒன்று மட்டும் போதாதென்றே ஓ.டி.பி. எண் நம் கைப்பேசிக்கு வருகிறது. இணையவழி அட்டைச் செலவுகளுக்கு இத்தகைய இரண்டாம் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009இலேயே கட்டாயமாக்கியது. 2017 ஜூலையில் மற்றொன்றையும் விதித்தது: தவறு வங்கியுடையதானால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை. ஆனால் இரகசிய எண்ணை அவரே பிறரிடம் சொல்லிவிட்டால், புகார் செய்யும் வரை ஏற்படும் இழப்பு அவரையே சாரும்.

நியாயமான விதிதான். ஆயினும், 'எவரிடமும் சொல்லாதீர்' என்ற எச்சரிக்கை என் தாய்க்கு ஆங்கிலத்தில் வருகிறது! ஏமாற்றுபவனோ இனிய தமிழில் பேசுகிறான். படிக்க இயலாத எச்சரிக்கையை மீறினார் என்று ஒருவர்மீது பழி சுமத்துவது முறையாகுமா? வங்கிகள் தமிழில் எச்சரிக்கட்டும் என்பதே என் கோரிக்கை.

அதுவரை? எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதித்தவன் நான். உங்களில் பலரும் அப்படியே. மாணவ நண்பர்களே, இன்று மாலையே பெற்றோரிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். வங்கி மேலாளரே கேட்டாலும் இரகசிய எண்ணைச் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.

நாம் கற்ற கல்வி, நம்மைக் கற்க வைத்தவர்களின் காசை முதலில் காக்கட்டும்!