தோனியா, இளைஞர்களா? காரைக்குடி வீடுகள் சொல்லும் கணக்கு

ஐ.பி.எல் நெருங்கினால் காரைக்குடியில் இரண்டு கட்சி உருவாகிவிடும். கல்லுக்கட்டி டீக்கடையிலும் இதே பேச்சு, காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பிலும் இதே பேச்சு. “தல இருக்கிற வரைக்கும்தான் சி.எஸ்.கே. அவரு போனா நான் மேட்ச்சே பாக்க மாட்டேன்” என்பது ஒரு கட்சி. “போதும்ப்பா, பசங்களுக்கு விடுங்க” என்பது இன்னொன்று. அண்ணன் தம்பிக்குள்ளேயே சண்டை வருகிறது.

சேப்பாக்கம் மைதானத்துக்குப் பெயர் தந்த எம்.ஏ.சிதம்பரம் செட்டிநாட்டு அரச குடும்பத்துக்காரர் என்பதால், இந்த ஊருக்கு சி.எஸ்.கே விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்வோம். அந்த உரிமையில் சொல்கிறேன்: ரெண்டு கட்சியும் வயதைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. பார்க்க வேண்டிய கணக்கு வேறு. யாருக்கு எத்தனை தோல்வி மன்னிக்கப்படுகிறது என்பதுதான் அது.

சீனியருக்குப் பழைய ரெக்கார்டு இருக்கிறது. நாலு மேட்ச் சொதப்பினாலும் “ஃபார்முக்கு வந்துடுவாரு” என்போம். இருபது வயதுப் பையனுக்கு மன்னிக்க ஒரு பழைய கதை கிடையாது. அவனுக்கான மன்னிப்பை முன்கூட்டியே எடுத்து வைத்தால்தான் உண்டு. நம்பிக்கை என்று நாம் பேசுவது இதைத்தான். மற்றதெல்லாம் கைதட்டல்.

‘ஸ்பார்க்’ எங்கே போனது?

2018-ஐ முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். இரண்டு வருடத் தடைக்குப் பிறகு திரும்பி வந்த சி.எஸ்.கே-வை ‘டாடிஸ் ஆர்மி’ என்று கிண்டல் செய்தார்கள். 36 வயது ஷேன் வாட்சன் ஃபைனலில் 57 பந்தில் 117 அடித்து, ஆட்டமிழக்காமல் கப்பை வாங்கித் தந்தார். அனுபவம் வேஸ்ட் என்று யாராவது சொன்னால் அந்த ஒரு இன்னிங்ஸைக் காட்டலாம்.

ஆனால் அந்த வெற்றியே ஒரு பழக்கமானது. 2020-ல் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் நடந்த சீசனில் அதே முகங்கள், இரண்டு வயது கூடி. அணி ஏழாவது இடத்துக்குப் போனது. வரலாற்றில் முதல்முறையாக ப்ளே-ஆஃப் கிடைக்கவில்லை. நம்ம நாராயண் ஜெகதீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2018-லேயே அணிக்கு வந்தவர். முதல் ஆட்டம் கிடைத்ததே 2020 அக்டோபரில், பெங்களூருக்கு எதிராக. 33 ரன் எடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. சில நாள் கழித்து, இளைஞர்களிடம் அந்த ‘ஸ்பார்க்’ தெரியவில்லை என்கிற பொருளில் தோனி பேசினார். கேதார் ஜாதவிடம் மட்டும் ஸ்பார்க் இருந்ததா என்று ஸ்ரீகாந்த் டி.வி-யில் பொங்கியது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

ஜெகதீசனை 2022 நவம்பரில் அணி விடுவித்தது. அடுத்த ஒரு வாரத்துக்குள், விஜய் ஹசாரே தொடரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277. தொடர்ந்து ஐந்தாவது சதம். எதிரணி பலவீனமானது என்று சொல்லலாம், சரிதான். அதற்கு முந்தைய நான்கு சதங்களையும் அப்படியே தள்ளிவிட முடியாது.

அதே 2020-ல் இன்னொரு பையனும் இருந்தான். ருதுராஜ் கெய்க்வாட். முதல் மூன்று இன்னிங்ஸில் 0, 5, 0. சீசன் கைவிட்டுப் போன பிறகு, “இனி என்ன இருக்கு” என்ற நிலையில் மறுபடி இறக்கினார்கள். கடைசி மூன்று ஆட்டங்களில் மூன்று அரைசதம். அடுத்த வருடம் அவர் 5, 5, 10 என்று தொடங்கினார். ராபின் உத்தப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எல்லோரும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றவில்லை. நாலாவது ஆட்டத்தில் 64. சீசன் முடிவில் 635 ரன், ஆரஞ்சு கேப், கப்பும் நமக்கு. கூட ஓப்பனிங் இறங்கிய 37 வயது டு பிளெஸ்ஸி அடித்தது 633. இரண்டு ரன்தான் வித்தியாசம்!

‘வேறு வைத்தல்’ என்றால் என்ன?

இந்த இடத்தில்தான் காரைக்குடி வீடுகள் ஞாபகத்துக்கு வருகின்றன. ரீல்ஸில் தேக்குத் தூணையும் ஆத்தங்குடி டைல்ஸையும் மட்டும்தான் காட்டுகிறார்கள். அந்த வீடுகளுக்குள் நகரத்தார் வைத்திருந்த ஓர் ஏற்பாடு அதைவிட சுவாரஸ்யமானது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் ‘வேறு வைப்பார்கள்’. வீட்டை விட்டு அனுப்புவது கிடையாது. அதே கூரை, அதே வளவு. ஆனால் புதுத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிக் கணக்கு. செலவுக்கு இவ்வளவு என்று பெரியவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் குடும்பம் நடத்துவது அவர்கள் பாடு. குழம்பில் உப்பு கூடினாலும், மாசக் கடைசியில் கை கடித்தாலும் அவர்களே சமாளிக்க வேண்டும். அப்பா, அம்மா பக்கத்திலேயே இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். ஆனால் கரண்டியைப் பிடுங்க மாட்டார்கள்.

தொழிலிலும் இதே புத்திதான். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சின்ன வயதிலேயே பையன்களைக் கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாளாகி, ஒருநாள் பொறுப்பேற்கும் ஏஜென்ட் ஆக வேண்டும். ஏஜென்டுக்கும் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. முடிந்ததும் ஊருக்குத் திரும்புவார், இன்னொருவர் போவார். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தவணை தவணைதான். (இந்தப் பழைய ஏற்பாட்டில் பெண்களுக்கு என்ன இடம் இருந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.)

ருதுராஜும் டு பிளெஸ்ஸியும் 2021-ல் ஆடியது ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு. 2025-ல் நடந்தது வேறு.

ஒன்பதாவதாக இறங்கிய ஃபினிஷர்

2024-ல் ருதுராஜ் கேப்டன் ஆனார். 2025-ல் முழங்கையில் அடிபட்டு விலக, கேப்டன் பொறுப்பு மறுபடி 43 வயது தோனிக்கே போனது. அவர் தலைமையேற்ற முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில், கொல்கத்தாவுக்கு எதிராக: 20 ஓவரில் 103-க்கு 9. அவர்கள் 10.1 ஓவரில் முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அதற்கு முன்பு மார்ச் 28, பெங்களூரு ஆட்டம். 197 துரத்தும்போது தோனி இறங்கியது ஒன்பதாவது இடத்தில், அஸ்வினுக்கும் பிறகு. 16 பந்தில் 30 அடித்தார், சிக்ஸர் பறந்தது, ஸ்டேடியம் அதிர்ந்தது. தோற்றது 50 ரன்னில். முழங்கால் காரணமாக அவரால் பத்து ஓவர் நின்று ஆட முடியாது என்று கோச் ஃபிளெமிங்கே விளக்க வேண்டி வந்தது.

எனக்கு தோனியின் வயது பிரச்சினை இல்லை. லக்னோவில் அவர் 11 பந்தில் 26 அடித்து ஆட்ட நாயகன் ஆனார். அதே ஆட்டத்தில் 20 வயது ஷேக் ரஷீத் அறிமுகமாகி 27 அடித்தார். ரெண்டும் சேர்ந்தே நடக்கும். பிரச்சினை, ஒரு சீனியரின் முழங்காலுக்கு ஏற்றபடி மொத்த பேட்டிங் ஆர்டரும் வளைவதுதான். அப்போது இளைஞர்களுக்கு மிச்சமாவது யாரும் நிற்க விரும்பாத இடங்கள்.

நம்ம பங்கும் இதில் இருக்கிறது. தோனி இறங்க வேண்டும் என்பதற்காகச் சொந்த அணியின் விக்கெட் விழும்போது விசிலடிக்கிற கூட்டம் நாம். மேலே இறங்கினால் நான் அவுட் ஆகத்தான் காத்திருப்பார்கள் என்று 2023-ல் ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் சமாளித்துக்கொள்வார். அதே கிரீஸில் நிற்கிற பத்தொன்பது வயதுப் பையன்?

அந்த சீசனில் நல்லதாக நடந்ததெல்லாம் கிட்டத்தட்ட எல்லாம் போன பிறகுதான் நடந்தது. ருதுராஜுக்குப் பதிலாக வந்த 17 வயது ஆயுஷ் மாத்ரே மும்பைக்கு எதிராக 15 பந்தில் 32, பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. உர்வில் படேல், முதல் ஆட்டத்தில் 11 பந்தில் 31. பிரெவிஸும் பாதியில் வந்தவர்தான். கடைசி ஆட்டத்தில் இந்தப் பட்டாளம் குஜராத்துக்கு எதிராக 230 குவித்து 83 ரன்னில் ஜெயித்தது. ஆனாலும் பத்தாவது இடம், முதல்முறையாகக் கடைசி. 2020 மாதிரியே, இழக்க எதுவும் இல்லாதபோதுதான் கதவு திறக்கிறது.

இதைப் படிக்கிற பலருக்கு ஆபீஸ் ஞாபகம் வரலாம். பெரிய கிளையன்ட் கோபித்துக்கொண்டு போகிற நேரத்தில்தான் “நீ ஹேண்டில் பண்ணுப்பா” என்று ஃபைலை நீட்டுவார்கள்.

சாய் சுதர்சன் விஷயம் இன்னும் வலிக்கும். சென்னைப் பையன். 2022-ல் 20 லட்சத்துக்கு குஜராத் எடுத்தது. 2023 ஃபைனலில் நமக்கு எதிராகவே 47 பந்தில் 96. சி.எஸ்.கே கடைசிக்குப் போன 2025-ல் அவருக்கு 759 ரன், ஆரஞ்சு கேப். ஆனால் இந்திய டெஸ்ட் அணியில் அவருக்கே லீட்ஸில் 0, 30 என்று தொடங்கியதும் அடுத்த டெஸ்ட்டில் இடம் போனது. மான்செஸ்டரில் திரும்பி வந்து 61 அடித்தார். 33 வயது கருண் நாயருக்குப் பிறகு எட்டு வருடம் கழித்து வாய்ப்பு தந்தது நல்ல விஷயம். ஆனால் அவருக்குக் கிடைத்த பொறுமை இருபத்து மூன்று வயதுக்காரருக்குக் கிடைக்கவில்லை.

14.20 கோடி நம்பிக்கையா?

இப்போது சி.எஸ்.கே தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். 2025 டிசம்பர் ஏலத்தில், இந்தியாவுக்கு ஆடியிராத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா இருவருக்கும் தலா 14.20 கோடி. ஒருவருக்கு 20 வயது, மற்றவருக்கு 19.

கொண்டாட எனக்கு அவசரமில்லை. இந்த விலையே அவர்களுக்கு எதிராகத் திரும்பும். இரண்டு மேட்ச் சொதப்பினால் “14 கோடி வேஸ்ட்” என்று மீம் போடப் போவதும் இதே “பசங்களுக்கு விடுங்க” கட்சிதான். பணம் ஏலத்தில் ஒரே நாளில் தீர்ந்துவிடும். ஆறு இன்னிங்ஸ், எட்டு இன்னிங்ஸ் என்று முன்பே பேசி வைத்து, எந்த இடத்தில் இறங்குவாய் என்பதையும் சொல்லி, அதற்குள் பதறாமல் இருப்பதுதான் செலவு. தோனி அணியில் இருக்கட்டும், வலைப்பயிற்சியில் பக்கத்தில் நிற்கட்டும், தவணை மட்டும் தெரிந்திருக்கட்டும்.

காரைக்குடிக்கு இதில் இன்னொரு கசப்பும் உண்டு. 2016-ல் டி.என்.பி.எல் தொடங்கியபோது ‘காரைக்குடி காளை’ என்று நமக்கும் ஓர் அணி வந்தது. பெயர் மட்டும்தான் நம்முடையது; ஆட்டம் பார்க்க நத்தத்துக்கோ நெல்லைக்கோ சென்னைக்கோ போக வேண்டும். 2021 சீசனில் அந்தப் பெயரும் போய், அணி ‘திருப்பூர் தமிழன்ஸ்’ ஆனது. சிறாவயல் மஞ்சுவிரட்டுக்குக் கூடுகிற கூட்டத்தில் பாதி வந்தாலே ஒரு மைதானம் நிரம்பும், ஆனால் அப்படியொரு மைதானத்தை யாரும் இங்கே கொண்டுவரவில்லை. தோனியா இளைஞனா என்று நாம் அடித்துக்கொள்கிற அந்த இளைஞன் சிவகங்கை மாவட்டத்திலிருந்து வர வேண்டுமானால், தோல்விக்கான ஒதுக்கீடு சேப்பாக்கத்துக்கு ரொம்ப முன்னாலேயே, ஒரு டர்ஃப் விக்கெட்டில் தொடங்க வேண்டும்.

அதுவரை 2026 சீசனில் நான் பார்க்கப்போவது சிக்ஸரை இல்லை. இந்தப் புதுப் பையன்களில் ஒருவர் 5, 5, 10 என்று தொடங்கினால், நாலாவது ஆட்டத்தின் டீம் ஷீட்டை.