பந்தியில் நிற்கும் பிள்ளைகள்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். 1878இல் தூய யோவான் கல்லூரி, 1923இல் தூய சவேரியார் கல்லூரி என்று ஆண்டுகளை அடுக்கவும் நமக்குத் தெரியும். ஆனால் முகூர்த்த நாளின் விடியலில் வண்ணார்பேட்டைப் பக்கம் நின்று பார்ப்பவர்கள் வேறொரு காட்சியைக் காண்பார்கள். கல்லூரி மாணவர்கள் கூட்டமாக வேனில் ஏறிக் கல்யாண மண்டபங்களுக்குப் போகிறார்கள். இலை போட, தண்ணீர் வைக்க, சாம்பார் வாளி தூக்க. சிலர் மறுவீட்டுச் சொதி விருந்துக்கும் இருந்து பரிமாறிவிட்டு, கையில் கூலியும் சட்டையில் குழம்புக் கறையுமாகத் திரும்புகிறார்கள். வகுப்பு போனது போனதுதான்.

மாணவியரின் உழைப்போ கண்ணிலேயே படுவதில்லை. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டே தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் உண்டு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணித் தரப்படும் அந்தக் கூலிதான் பருவக் கட்டணமாகிறது.

இந்தப் பிள்ளைகளிடம் கல்லூரிகள் கேட்பது ஒன்றே: 75 விழுக்காடு வருகை. குறைந்தால் அபராதம்; மிகவும் குறைந்தால் தேர்வெழுத முடியாது. வராமற்போனதற்குக் காரணம் வறுமை. அந்த வறுமைக்கும் ஒரு கட்டணம்! அதைக் கட்ட அவர்கள் மறுபடியும் பந்திக்கே போகிறார்கள்.

"படிக்கிற பிள்ளைக்கு வேலை எதற்கு? உதவித்தொகை இருக்கிறதே" என்பர் சிலர். 2022இல் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1000 ரூபாய் வழங்கத் தொடங்கின. நல்ல திட்டங்களே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அந்தத் தொகை பேருந்துக்கும் நோட்டுக்கும் சரியாகிவிடும். கல்லூரிக்கும் விடுதிக்கும் கட்ட வேண்டியதற்கு எங்கே போவது?

கல்லூரி வளாகத்துக்குள்ளேயே கூலியுடன் வேலை கொடுங்கள் என்கிறோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரியில் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை; ஒவ்வொரு மாணவரும் வாரம் 10 மணி நேரமாவது உழைத்து ஊதியம் பெறுகிறார். அந்நாட்டு அரசே 1964இல் சட்டமியற்றி, படித்துக்கொண்டே உழைக்கும் மாணவர்களின் ஊதியத்தில் பங்கேற்கத் தொடங்கியது.

நமக்கும் இது புதிதன்று. நம் விடுதிப் பிள்ளைகள் எத்தனை தலைமுறையாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டார்கள், பாத்திரம் கழுவினார்கள், கோயிலைக் கூட்டினார்கள்! அதற்குச் 'சேவை' என்றோம், 'பயிற்சி' என்றோம்; 'சம்பளம்' என்ற சொல்லை மட்டும் நா எடுத்ததில்லை. இங்கேதான் நமக்குச் சினம் பொங்குகிறது. நியாயக் கூலியை வலியுறுத்தி 1891இல் சுற்றுமடல் தந்த திரு அவை நம்முடையது. தொழிலாளரான சூசையப்பருக்கு மே முதல் நாளில் விழா எடுப்பவர்களும் நாமே. கூடாரம் தைத்துப் பிழைத்த பவுலடியார் கைநீட்டி உதவித்தொகைக்காக நிற்கவில்லையே.

மாணவர்கள் மலிவாகக் கிடைத்தால் நிலையான பணியாளரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் ஒன்று உண்டு. நம் நிர்வாகங்களை அறிந்தவர்கள் இதைச் சிரித்து ஒதுக்க மாட்டார்கள். எனவே, இப்போது ஒருவர் செய்துவரும் வேலையைப் பிடுங்கி மாணவரிடம் தரலாகாது. தேர்வுக்கு முந்தைய வாரங்களில் வேலை நேரம் குறைய வேண்டும். யாருக்கு வேலை என்பதைப் பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதமும் தீர்மானிக்கக் கூடாது.

இவ்வளவுக்கும் பெரும்பணம் வேண்டியதில்லை. மாலையில் பூட்டப்படும் நூலகத்தை இரவு எட்டு மணி வரை திறந்துவைக்க இரண்டு மாணவர்கள் போதும். ஆய்வகத்தில் கருவிகளைத் துடைத்து அடுக்க ஒருவர். சேர்க்கைக் காலத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் கிராமத்துப் பெற்றோருக்கு உதவ நான்கு பேர். கல்லூரி ஆட்சிக்குழுக்களில் பொதுநிலையினரும் அமர்ந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்பாக, இதை எழுந்து கேட்கப்போகிறவர் அவர்களில் யார்?