ஹார்ட் அட்டாக்: கையில் கட்டும் பி.பி. பட்டை இதயத்தைக் காப்பாற்றுமா?

ஆம்புலன்ஸில் ஹார்ட் அட்டாக் நோயாளி. மருத்துவமனை போய்ச் சேர இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரை அவர் கையில் பி.பி. பார்க்கும் பட்டையைச் சுற்றி 5 நிமிடம் இறுக்குகிறார்கள், 5 நிமிடம் தளர்த்துகிறார்கள். இப்படி 4 முறை. மருந்து இல்லை, ஊசி இல்லை. இதனால் இதயத் தசை பிழைக்குமா?

டென்மார்க்கில் நிஜமாகவே இதைச் செய்து பார்த்தார்கள். 2010-ல் வந்த முடிவு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. 2019-ல் வந்த இன்னொரு முடிவு அதைக் கலைத்துவிட்டது. ஏன்?

அடைப்பு நீங்கினாலும் பாதிப்பா?

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், அந்தப் பகுதித் தசை ஆக்சிஜன் இல்லாமல் சாகத் தொடங்கும். செத்த தசை திரும்ப வளராது. அதனால்தான் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து, ஸ்டென்ட் வைத்து அடைப்பை உடனே நீக்குகிறார்கள்.

இங்கேதான் ஒரு சிக்கல். பட்டினி கிடந்த தசைக்குள் ரத்தம் திடீரெனப் பாயும்போது, அதுவே கொஞ்சம் தசையைக் கொல்கிறது. இதை 'ரீபர்ஃப்யூஷன் இன்ஜுரி' என்கிறார்கள். ரத்தம் போகாவிட்டால் தசை மொத்தமும் போய்விடும். போனாலும் கொஞ்சம் சேதம். இந்தச் சேதத்தை எப்படிக் குறைப்பது என்பதுதான் பல ஆண்டுகளாக நடக்கும் தேடல்.

நாய்களிடம் கிடைத்த துப்பு

1986-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாய்களின் இதய ரத்தக்குழாயை 5 நிமிடம் அடைத்துத் திறந்தார்கள். இதை 4 முறை செய்துவிட்டு, பிறகு 40 நிமிடம் தொடர்ந்து அடைத்தார்கள். மற்ற நாய்களோடு ஒப்பிட்டால், இவற்றுக்குச் சேதம் கால்வாசிதான். சின்னச் சின்ன அடைப்புகள் இதயத்தைப் பெரிய அடைப்புக்குத் தயார்படுத்தியிருந்தன.

மனிதர்களின் இதயக் குழாயை அப்படி அடைத்துப் பார்க்க முடியாதே! ஆனால், கையின் ரத்த ஓட்டத்தை நிறுத்தி நிறுத்தி விட்டாலும் இதயத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கலாம் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. ஆம்புலன்ஸ் யோசனை அப்படி வந்ததுதான். 333 பேர் பங்கேற்ற அந்த டென்மார்க் ஆய்வில், பட்டை கட்டியவர்களுக்கு ஆபத்தில் இருந்த தசையில் சுமார் 75% பிழைத்தது. கட்டாதவர்களுக்கு 55%.

5,401 பேரிடம் பார்த்தபோது...

அடுத்து பிரிட்டன், டென்மார்க், ஸ்பெயின், செர்பியா ஆகிய 4 நாடுகளில் 5,401 பேரிடம் சோதித்தார்கள். இந்த முறை கேள்வியே வேறு: ஓராண்டுக்குள் எத்தனை பேர் இதயப் பிரச்னையால் இறந்தார்கள், அல்லது இதயச் செயலிழப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள்? பட்டை கட்டியவர்களில் 9.4%, கட்டாதவர்களில் 8.6%. அதாவது, பலன் இல்லை.

சைக்ளோஸ்போரின் மருந்தின் கதையும் இதேதான். 2008-ல் 58 பேரிடம் நடந்த ஆய்வில் பலன் தெரிந்தது. 2015-ல் 970 பேரிடம் சோதித்தபோது அது காணாமல் போனது.

ஏன் இப்படி? ஆய்வகத்து விலங்குகள் பெரும்பாலும் இளமையானவை, ஆரோக்கியமானவை. நோயாளிகளுக்கோ வயது, சர்க்கரை, பி.பி. என்று எல்லாம் சேர்ந்திருக்கும். இன்னொன்று, ஆஞ்சியோபிளாஸ்டி சீக்கிரம் நடந்தவர்களுக்குச் சேதம் ஏற்கெனவே குறைவு. அதற்கு மேலும் குறைத்துக் காட்டுவது ரொம்பக் கஷ்டம்.

அப்போ எதுவுமே தேறவில்லையா?

ஒன்று கொஞ்சம் தேறியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்ததும், ஆக்சிஜன் செறிவூட்டிய ரத்தத்தை ஒரு மணி நேரம் இதயக் குழாய்க்குள் செலுத்தும் சிகிச்சைக்கு 2019-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. ஆனால் எல்லோருக்கும் அல்ல. இதயத்தின் முன்பக்கம் பாதிக்கப்பட்டு, 6 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு மட்டும். இதனால் செத்த தசையின் அளவு குறைகிறது. உயிரிழப்பும் குறைகிறதா என்பதற்குப் பெரிய ஆய்வின் ஆதாரம் இன்னும் தேவை.

நேரம்தான் மருந்து

புது மருந்து எதுவும் இல்லாமலே பலன் தந்த ஓர் ஆய்வு தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடும் ஆம்புலன்ஸ்களோடும் இணைத்தார்கள். 2,420 நோயாளிகளைப் பற்றிய இந்த ஆய்வு 2017-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் முன்பு 17.6%, இணைத்த பிறகு 14.2%.

சோதனைச் சிகிச்சைகள் தொடரட்டும். ஆனால், தசையைக் காப்பாற்றும் முதல் முடிவு நோயாளியின் வீட்டில்தான் எடுக்கப்படுகிறது. நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால், "கேஸ் ட்ரபிளா இருக்கும், காலைல பாத்துக்கலாம்" என்று படுத்துவிட வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். அப்படிப் போகிற ஓர் இரவைத் திருப்பித் தர இன்றுவரை எந்தச் சிகிச்சையும் இல்லை.