சைக்கிள் திரும்பி வந்த நாள்

2002 நவம்பரில், ஜப்பானியத் தொலைக்காட்சியில், ரிப்பேர் செய்யப்பட்ட ஒரு சைக்கிள் உரியவளிடம் ஒப்படைக்கப்பட்டது. அற்ப விஷயம். ஆனால் அந்த சைக்கிளைச் சாக்காக வைத்துத்தான் மிஸ்டி என்ற முன்கோபக்காரச் சிறுமி ஐந்தரை ஆண்டுகளாக ஆஷ் என்ற பையனின் பின்னால் நடந்துகொண்டிருந்தாள். 1997 ஏப்ரலில் 'போகிமான்' தொடங்கியபோது, அவளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினான் ஆஷ். பிகாச்சுவின் மின்னல் அதைக் கரிக்கட்டையாக்கியது. நஷ்டஈடு கொடுக்கும்வரை விடமாட்டேன் என்று கிளம்பியவள், போகப்போக சைக்கிளை மறந்தாள், நட்பை மறக்கவில்லை. இப்போது சைக்கிள் வந்துவிட்டது. அக்காமார் உலகச் சுற்றுலா போகிறார்கள். குடும்பத்தின் போட்டிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. முச்சந்தியில் நண்பர்கள் பிரிந்தார்கள்.

மிஸ்டி தவறு எதுவும் செய்யவில்லை. ரசிகர்களுக்கு அவள் சலித்துப்போகவும் இல்லை. பின் ஏன் அனுப்பப்பட்டாள்?

பதில் கதையில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. 2002 நவம்பர் 21 அன்று நின்டென்டோவின் கையடக்கக் கருவிக்கான 'ரூபி', 'சஃபையர்' விளையாட்டுகள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அதே நாளில் தொடரின் புதிய பருவம் தொடங்கியது. விளையாட்டில் வரும் மே என்ற பெண்தான் தொடரிலும் ஆஷின் புதிய துணை. 2006 செப்டம்பர் 28இல் 'டயமண்ட்', 'பேர்ல்' விளையாட்டுகள் வந்தன. அன்றே அடுத்த பருவமும் தொடங்கியது. மே போய் டான் வந்தாள். 2010இல் விளையாட்டும் புதிய பருவமும் ஒரே வாரத்தில் வந்தன. டான் போனாள், ஐரிஸ் வந்தாள். முதலில் பிறந்தது விளையாட்டுதான், 1996இல். தொடர் அதற்குப் பின் வந்தது. குதிரை எது, வண்டி எது என்பதில் தயாரிப்பாளர்களுக்கு ஒருபோதும் குழப்பம் இருந்ததில்லை.

இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஆஷுக்கு எப்போதும் வயது 10. பார்க்கும் குழந்தைக்கு அப்படியல்ல. ஏழு வயதில் ரசித்தவன் பன்னிரண்டில் வேறு பக்கம் போய்விடுவான்; அவன் இடத்தில் ஒன்றும் தெரியாத இன்னொரு ஏழு வயதுக்காரன் வந்து உட்காருவான். அவனுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லியாக வேண்டும். மிஸ்டிக்கோ எல்லாம் தெரியும். அவள் ஆஷையே திருத்துகிறவள். மே அப்படியல்ல. போகிமான்கள் மீது பெரிய ஆசைகூட இல்லாமல் ஊர் சுற்றக் கிளம்பியவள். அவள் கேள்வி கேட்பாள், ஆஷ் விளக்குவான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்காக வகுப்பில் பழைய பாடத்தை மறுபடி நடத்துவது மாதிரிதான். கூடவே, கலைப்போட்டி என்ற தனிப்பாதையும் அவளுக்கு அமைந்தது. வாராவாரம் சண்டையும் பதக்கமுமாக நகர்ந்த கதைக்கு இரண்டாவது தண்டவாளம் கிடைத்தது.

எல்லா மாற்றங்களுக்கும் இவ்வளவு நியாயம் இருப்பதில்லை. சமையலில் கெட்டிக்காரனும் கண்ட பெண்களிடமெல்லாம் மனதைப் பறிகொடுப்பவனுமான பிராக், 1999இல் திடீரென்று காணாமல் போனான். அவன் இடத்தில் டிரேஸி என்ற ஓவியப் பையன் நின்றான். தொடரின் இயக்கப் பொறுப்பில் இருந்த மசமிட்சு ஹிடாகா பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பேட்டியில் காரணத்தைச் சொன்னார்: தொடர் வெளிநாடுகளுக்குப் போகவிருந்தது, பிராக்கின் கோடு போன்ற கண்களை மேற்கத்தியப் பார்வையாளர்கள் இனக் கேலியாக எடுத்துக்கொள்வார்களோ என்று தயாரிப்புத் தரப்பு பயந்தது. அங்கே பிராக்கை எல்லோருக்கும் பிடித்துப்போனது, யாரும் கோபப்படவில்லை. சில மாதங்களில் பிராக் திரும்பினான், டிரேஸி பேராசிரியரின் உதவியாளனாக ஒதுங்கிக்கொண்டான். வராத புகாருக்குக் கொடுக்கப்பட்ட தண்டனை அது.

பொம்மைக் கடைக்கும் குழந்தையின் மனதுக்கும் நடுவே ஒரு கதாபாத்திரம் நசுங்கியது இதற்கு முன்பும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1980களில் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தின் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' பொம்மைகளை விற்கவே ஒரு கார்ட்டூன் ஓடியது. 1986இல் அது சினிமாவானது. புதிய பொம்மைகளுக்கு இடம் வேண்டுமென்றால் பழையவை கடை அலமாரியை விட்டு இறங்க வேண்டும். ஆகவே படம் பாதியைத் தொடுவதற்குள் தலைவன் ஆப்டிமஸ் பிரைம் உட்படப் பல பழைய பாத்திரங்கள் கொல்லப்பட்டன. தயாரிப்பாளர்களின் கணக்கில் அவை காலாவதியான சரக்கு. தியேட்டரில் உட்கார்ந்திருந்த குழந்தைகளுக்கோ ஆப்டிமஸ் தகப்பன் ஸ்தானம். அவர்கள் வாய்விட்டு அழுதார்கள். வீட்டுக்குப் போன பெற்றோர் கடிதம் எழுதினார்கள். 1987இல் ஆப்டிமஸ் உயிர்த்தெழுந்தான். அதே நிறுவனத்தின் 'ஜி.ஐ. ஜோ' படத்தில் டியூக் என்ற வீரன் சாவதாக இருந்தது. இந்த அழுகைக்குப் பிறகு, அவன் நினைவிழந்து கிடப்பதாக அவசரமாக ஒரு வசனம் சேர்க்கப்பட்டது. கண்ணீருக்கும் சந்தையில் மதிப்பு உண்டு என்று பொம்மை வியாபாரிகள் தெரிந்துகொண்ட ஆண்டு அது.

பெரியவர்களுக்கான தொடர்களில் கணக்கு வேறு. 1989இலிருந்து ஓடும் 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் பொம்மைக் கடையின் நெருக்கடி இல்லை. ஆனால் குரல் கொடுப்பவர்கள் மனிதர்கள். சம்பளம் கேட்பார்கள், இறந்தும் போவார்கள். பக்திமானான நெட் ஃப்ளாண்டர்ஸின் மனைவி மாட் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்த மேகி ராஸ்வெல், கேட்ட ஊதிய உயர்வு கிடைக்காமல் 1999இல் விலகினார். 2000இல் மாட், இலவச பனியன்களைக் கூட்டத்தின் மீது வீசும் கருவியால் தாக்குண்டு மேலிருந்து விழுந்து செத்தாள். ராஸ்வெல் 2002இல் சமரசமாகித் திரும்பினார். மாட் உயிரோடு திரும்பவில்லை. பின்னர் ஃப்ளாண்டர்ஸ், பள்ளி ஆசிரியை எட்னாவை மணந்தார். எட்னாவின் குரலான மார்சியா வாலஸ் 2013இல் காலமானார். அவர் இடத்தில் வேறு குரலைப் பொருத்தாமல் அந்தப் பாத்திரத்துக்கே தயாரிப்பாளர்கள் விடை கொடுத்தார்கள். ஒரே கார்ட்டூன் மனிதர் இருமுறை மனைவியை இழந்தார்: முதலில் சம்பளத் தகராறுக்கு, பிறகு நிஜ மரணத்துக்கு. முதலாவது பழிவாங்கல் போலத் தெரிந்தது, இரண்டாவது அஞ்சலி.

மாற்றாமலே ஓட்ட முடியாதா? முடியும். 1969இலிருந்து ஜப்பானில் ஓடிக்கொண்டிருக்கும் 'சசாயே-சான்' அதற்குச் சாட்சி. அந்தக் குடும்பத்தில் யாரும் வயதாவதில்லை, யாரும் வீட்டை விட்டுப் போவதுமில்லை. அரை நூற்றாண்டாகத் தம்பி ஐந்தாம் வகுப்பிலேயே இருக்கிறான். மூன்று, நான்கு ஆண்டுக்கொரு முறை புதிய ஊரையும் புதிய விளையாட்டையும் அறிமுகப்படுத்தும் கட்டாயம் அந்தக் கதைக்கு இல்லை. 'டோரேமான்' வேறொரு வழியைக் கண்டது. 1979இலிருந்து பேசிவந்த ஐந்து முக்கியக் குரல் கலைஞர்களுக்கும் வயதானபோது, 2005இல் ஐவரையும் ஒருசேர மாற்றியது; பாத்திரங்களைத் தொடவில்லை. அங்கே ஆள் மாறினார்கள், முகம் மாறவில்லை. போகிமானில் முகம் மாறியது, நாயகன் மாறவில்லை.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. போகிமானில் தோழர்கள் வந்து வந்து போனார்கள்; ஆனால் பிகாச்சுவைத் திருட வரும் ஜெஸ்ஸி, ஜேம்ஸ், மியாவ்த் ஆகிய மூவரும் பருவம் தவறாமல் ஆஷைத் துரத்தி வந்தார்கள். காரணம் எளிது. நண்பனுக்கு ஒரு லட்சியம் இருக்கும்; அது நிறைவேறினாலும் முறிந்தாலும் அவன் போயாக வேண்டும். பிராக்கும் 2010இல் மருத்துவம் படிக்கப் போனான். தோற்பதே தொழிலாக உள்ளவனுக்கு முடிவு இல்லை. ஒவ்வொரு வாரமும் அவன் முதலிலிருந்து தோற்கலாம்.

ஆகவே மாற்றம் தவறா என்பதல்ல கேள்வி. எப்படி அனுப்புகிறார்கள் என்பதுதான். பல குழந்தைகளுக்குத் தொலைக்காட்சித் தோழியின் பிரிவே வாழ்க்கையின் முதல் பிரிவாக இருக்கிறது. ஊர் மாறிப்போகும் பக்கத்து வீட்டுச் சிநேகிதிக்கு முன்பே அவள் போய்விடுகிறாள். விற்பனைத் தேதிக்காகத்தான் மிஸ்டி அனுப்பப்பட்டாள். ஆனால் அந்த உத்தரவை நிறைவேற்றிய கதாசிரியர்கள் ஐந்தரை ஆண்டுகளுக்கு முந்தைய சைக்கிளை நினைவில் வைத்திருந்தார்கள். வந்த காரணம் தீர்ந்தது, இருந்ததற்குக் காரணம் தேவையில்லை என்று குழந்தைக்குப் புரியும்படி அனுப்பினார்கள். ஆப்டிமஸைக் கொன்றவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை.

கடைசியில் காலண்டர் நாயகனையும் விடவில்லை. 2022 நவம்பரில் உலக சாம்பியனான ஆஷ், 2023 மார்ச்சில் தொடரிலிருந்து விடைபெற்றான். ஏப்ரலில் லிகோ, ராய் என்ற இருவர் வந்தார்கள். அவர்களோடு வந்த பிகாச்சுகூட வேறு பிகாச்சு. ஆனால் ஆஷின் கடைசி 11 அத்தியாயங்களுக்கு மிஸ்டியும் பிராக்கும் திரும்ப அழைக்கப்பட்டார்கள். 1997இல் ஐந்து வயதில் பார்க்க உட்கார்ந்தவர்களுக்கு அப்போது வயது 31. அவர்களில் பலர் எப்போதோ பார்ப்பதை நிறுத்தியிருந்தவர்கள். அந்த 11 வாரங்கள் மட்டும் தங்கள் குழந்தைகளோடு மறுபடி டிவி முன் உட்கார்ந்தார்கள். விற்பதற்குப் புதிதாக எதுவும் இல்லாத அத்தியாயங்கள் அவை.