கூடம் சின்னதா? மேசையைச் சரியாகத் தேர்ந்தெடுப்போம்!

“ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது பழமொழி. டிப்ளமோ படிக்கிற நாம் இதையே வேறு மாதிரி சொல்கிறோம்: “வீட்ல இடமில்லப்பா, இருந்தா எதையாவது செஞ்சிருப்பேன்!”

அன்பு நண்பர்களே, இடமில்லை என்பது பொய்யல்ல. ஆனால் இருக்கிற இடத்துக்கு ஏற்ற ஒர்க் பெஞ்சைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் வீட்டிலேயே விமானமும் கட்டலாம் என்பது என் கருத்து.

சிரிக்க வேண்டாம். மும்பை காந்திவலியில், லிஃப்ட் இல்லாத ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில், அமோல் யாதவ் என்ற விமானி ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016-ல் அது மும்பை ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் நின்றது. 2017-ல் அரசுப் பதிவும் கிடைத்தது.

ரைட் சகோதரர்களுக்கு மட்டும் பெரிய இடமா இருந்தது? டேட்டன் நகரத்தில் ஒரு சைக்கிள் கடை, அவ்வளவுதான். 1903-ல் பறந்த விமானத்தின் 16 அடி நடு இறக்கையைப் பூட்டியதும் கடைக்குள் வழியே அடைபட்டுப் போனது. வாடிக்கையாளர் வந்தால் பக்கவாசல் வழியாகச் சுற்றி முன்பக்கம் போனார்கள். 40 அடிக்கு மேற்பட்ட முழு இறக்கையை அவர்கள் கடையில் பூட்டவே இல்லை. பறக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்த்தான் பூட்டினார்கள். பகுதி பகுதியாகச் செய், வெளியே போய்ச் சேர் என்பதே நமக்குப் பாடம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் நிற்பதற்கு ரத வீதி இருக்கிறது. நாமோ வாசல்படியை அளந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இனி மேசைக்கு வருவோம். பெஞ்ச் என்றாலே நம் கண்முன் வருவது ஒர்க் ஷாப்பில் வைஸ் பூட்டிய, அசைக்க முடியாத கனத்த பெஞ்ச். அரம் போடவும் சுத்தியல் அடிக்கவும் அதுதான் சரி. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் முன்னறை எட்டடிக்குப் பத்தடி. மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா பகலில் படுப்பது அங்கேதான். ராத்திரி ஆச்சியின் பாய் விரிப்பதும் அங்கேதான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். அதற்காக அவர்கள் படுக்கும் இடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்வது நியாயமா?

அதனால் பெரிய மேசை ஒன்று வேண்டாம். சின்ன மேசை இரண்டு போதும். அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்ற சங்கத்தின் 1000-வது கிளை வகுத்த மேசை 5 அடி நீளம், 2 அடி அகலம். வீட்டில் விமானம் கட்டுகிற பலர் இதில் இரண்டு செய்து வைத்துக்கொள்கிறார்கள். நீளவாக்கில் சேர்த்தால் 10 அடி. பக்கவாக்கில் சேர்த்தால் 5-க்கு 4. வேலை முடிந்ததும் ஒன்றின்மேல் ஒன்றைக் கவிழ்த்துச் சுவரோரம் நிறுத்தினால் அடைபடுவது 10 சதுர அடிதான்.

கணக்கும் கைக்குள் அடங்குகிறது. 8-க்கு 4 அடி பிளைவுட் ஒன்றில் இரண்டு மேல்பலகை வரும். மிச்சமாகும் 3-க்கு 4 துண்டை வெட்டி, அடியில் நிற்கிற மேசைக்குக் கீழ்த்தட்டாகப் போடலாம். உயரம் நம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருந்தால் முதுகு வலிக்காது. இரண்டும் ஒரே உயரம் இருப்பதுதான் முக்கியம். சக்கரம் வைத்தால் ஆடும். அதைவிடக் கால் நுனியில் நட் பற்றவைத்து, அதில் போல்ட் முடுக்கினால் மேடுபள்ளமான சிமெண்ட் தரையிலும் மட்டம் பிடித்துவிடலாம்.

கூடம் கோணினால் ஆடுகிறவள் சமாளித்துவிடுவாள். மேசை முறுக்கினால், அதன்மேல் பூட்டுகிற இறக்கையும் முறுக்கும். விமானம் ஒரு பக்கமாகச் சாயும். சோதிப்பது சுலபம். நேரான இரண்டு சட்டங்களை மேசையின் இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டின் மேல்விளிம்பும் இணையாகத் தெரியவில்லையா? போல்ட்டைத் திருப்புங்கள். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

“ராஜபாளையத்துல யாருடா ஏரோபிளேன் கட்டப் போறான்?” என்று சீனியர் அண்ணன்கள் கேட்கலாம். விமானம் கட்டாவிட்டால் என்ன? அதே மேசையில் மோட்டார் ரீவைண்டிங் பழகலாம்; புராஜெக்டை விலைக்கு வாங்காமல் நாமே செய்யலாம்.

நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பிராக்டிகலில் ஸ்கொயர் கட்டிங், வி-கட்டிங் என்று தேய்த்துத் தேய்த்து, மார்க் போட்டதும் ஸ்கிராப்பில் வீசுகிறோம். அந்த ஃபிட்டிங், வெல்டிங், கார்பென்டரி எல்லாமே ஒரு மேசைக்குள் இருக்கின்றன. இரண்டு பேருக்கு ஒரு மேசை என்று செய்து, வீட்டுக்கே எடுத்துப்போக ஆசிரியர்களிடம் அனுமதி கேட்போம். சர்டிபிகேட்டோடு ஒரு மேசையும் வீட்டுக்கு வந்தால், நாம் என்ன படித்தோம் என்று வீட்டில் உள்ளவர்கள் தொட்டுப் பார்க்கலாம் அல்லவா?

— இறுதியாண்டு மாணவன், மெக்கானிக்கல்