மோரும் தேனும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். வேலைக்கான நேர்காணலில் "மோர் பெட்டர்" என்று சொல்லிவிட்டானாம். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டாராம். "அதுக்கப்புறம் எனக்குப் பேச்சே வரலை டீச்சர்" என்றான். இரண்டு நாள் எனக்கு மனசே சரியில்லை.

அவன் மக்கு இல்லை. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் பேசினான், அவ்வளவுதான். நாம் "இன்னும் நல்லா இருக்கு" என்கிறோமே, அந்த 'இன்னும்'தான் 'மோர்' ஆகிவிட்டது. 'பெட்டர்' என்ற சொல்லுக்குள்ளேயே 'இன்னும்' இருக்கிறது. அதன் தலையில் மோர் ஊற்ற வேண்டாம். அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் 'மச் பெட்டர்' என்று சொல்லுங்கள். ஷேக்ஸ்பியரே இரண்டையும் சேர்த்து எழுதியவர்தான்; 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள் அதைத் தப்பு என்று தள்ளினார்கள். சிரித்தவருக்கு இது தெரியுமோ என்னவோ.

இன்னொரு தப்பும் நம் தமிழிலிருந்தே வருகிறது. "மணியை விட ரவி உயரம்" என்னும்போது ஒப்பிடுகிற வேலை முழுவதையும் 'விட' பார்த்துக்கொள்கிறது. 'உயரம்' மாறுவதே இல்லை. அதனால் பிள்ளைகள் "ரவி இஸ் டால் தேன் மணி" என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் தேன் மட்டும் போதாது, டால், 'டாலர்' ஆக வேண்டும் (அமெரிக்கப் பணம் இல்லை!). சின்னச் சொல்லுக்கு வால், 'பியூட்டிஃபுல்' மாதிரி நீளச் சொல்லுக்கு முன்னால் மோர். இரண்டும் சேர்ந்து வராது. 'சீனியர்', 'ஜூனியர்' லத்தீனிலிருந்து வந்தவை, அவற்றுக்குத் தேன் ஆகாது: "சீனியர் டு மீ".

உண்மையில் தப்பு என் பேரில்தான். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு பாசிட்டிவ், கம்பேரட்டிவ், சூப்பர்லேட்டிவ் என்று ஒப்பிக்க வைத்தேன். "நோ அதர்" என்று வாக்கியத்தைத் திருப்பிப் போடவும் பழக்கினேன். மார்க் வந்தது. இரண்டு பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, யார் உயரம் என்று ஒருநாளாவது ஆங்கிலத்தில் சொல்ல வைத்தேனா? மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்களில் தெற்குக் கோபுரம்தான் உயரம் என்று நம்மூர்ப் பிள்ளைக்குத் தெரியும். அதைக் காட்டி 'தி டாலஸ்ட்' சொல்ல வைத்திருக்கலாம். நான் புத்தகத்திலிருந்த இரும்பையும் தங்கத்தையும் கட்டிக்கொண்டு அழுதேன்.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகள் இதைச் செய்யாதீர்கள். முதலில் தமிழில் 'விட' போட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

அவனுக்கு அடுத்த நேர்காணல் வரும் வியாழக்கிழமை. தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நேற்று மாட்டுத்தாவணியையும் பெரியார் பஸ் ஸ்டாண்டையும் ஒப்பிட்டுப் பத்து நிமிடம் பேசினான். ஒரே ஒரு இடத்தில்தான் மோர் ஊற்றினான்.