முதல் பாட்டு இன்றைய பாட்டாக இருக்கட்டும்

1980களின் கடைசியில் என் கல்லூரி விடுமுறைகள் எல்லாம் திருச்சியில் மாமாவின் கேசட் கடையில்தான் கழிந்தன. வாடிக்கையாளர்கள் துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார்கள். வெற்று கேசட்டில் பதிந்து கொடுப்போம். 60 நிமிட கேசட் என்றால் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எது முன்னால், எது பின்னால் என்பதைப் பெரும்பாலும் நான்தான் முடிவு செய்வேன். சில மாதங்கள் கழித்து அதே கேசட்டை அழித்து வேறு பாட்டுப் பதியச் சொல்லிக் கொண்டுவருவார்கள். ஓட்டிப் பார்த்தால் ஏ பக்கத்தின் முதல் இரண்டு பாட்டும் தேய்ந்து மங்கியிருக்கும். பி பக்கத்தின் கடைசிப் பாட்டோ புத்தம் புதிதாக ஒலிக்கும். அதுவரை யாரும் போகவே இல்லை.

முதலில் வைப்பதைத்தான் மக்கள் கேட்கிறார்கள். அந்தக் கடையில் நான் கற்ற இந்தப் பாடம் மூத்த இசைக்கலைஞர்களின் ‘சிறந்த பாடல்கள்’ தொகுப்புகளுக்கும் பொருந்தும். அவை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: இருபது வயதுப் புகழ் முன்னால், அறுபது வயது உழைப்பு வால்பகுதியில். இளமையைக் கேட்டு முடித்ததும் நாம் எழுந்து போய்விடுகிறோம். உயிரோடு பாடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்பது என் கருத்து.

இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய ஒரு தொகுப்பு உண்டு. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் ‘நத்திங் ஹாஸ் சேஞ்ச்ட்’, 2014 நவம்பரில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 67. முதல் இசைத்தட்டு வெளியாகி ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. மூன்று குறுந்தகடுகள், 59 பாடல்கள். முதல் பாட்டு அந்த ஆண்டிலேயே புதிதாகப் பதிவான ‘சூ’. அங்கிருந்து ஆண்டுகள் பின்னோக்கி நகர்ந்து, 1964இல் பதினேழு வயதுப் பையனாக, டேவி ஜோன்ஸ் என்ற பெயரில், அவர் பாடிய ‘லைசா ஜேன்’ பாட்டில் முடிகிறது. அவருக்கு உலகப் புகழ் தந்த ‘ஸ்பேஸ் ஆடிட்டி’யைக் கேட்க மூன்றாவது தகட்டின் பின்பாதி வரை காத்திருக்க வேண்டும்.

என் மகள் 2015இல் இதை வாங்கி வந்து கொடுத்தாள். வரிசையை மாற்றாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கேட்டேன். இருபத்தைந்து ஆண்டுகளாக எனக்குப் பழக்கமான பாட்டுகள் வேறு பொருள் கொண்டன.

போவி 2004இல் இதய நோயால் மேடையை விட்டு விலகியவர். பல ஆண்டு மௌனத்துக்குப் பிறகு, 2013 ஜனவரி 8 அன்று, தன் 66வது பிறந்தநாளில், முன்னறிவிப்பே இல்லாமல் ‘வேர் ஆர் வீ நவ்’ என்ற பாட்டை வெளியிட்டார். 1970களின் பிற்பகுதியில் தான் வாழ்ந்த பெர்லின் நகரத்தை ஒரு முதியவர் நினைவில் நடந்து பார்க்கும் பாட்டு அது. குரல் மெலிந்து, லேசாக நடுங்கும். தொகுப்பில் இது இரண்டாவது பாட்டு. அந்தக் குரல் காதில் இருக்கும்போதே இரண்டாம் தகட்டின் முடிவை நெருங்கினால், அதே பெர்லினில் 1977இல் பதிவான ‘ஹீரோஸ்’ வருகிறது.

அந்தப் பதிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெர்லின் சுவருக்கு அருகே இருந்த ஹான்சா ஸ்டுடியோ. தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி அந்தப் பெரிய கூடத்தில் மூன்று மைக்குகளை வைத்தார். ஒன்று வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், அடுத்தது சுமார் 20 அடி தள்ளி, மூன்றாவது 50 அடிக்கு அப்பால். மெதுவாகப் பாடினால் முதல் மைக் மட்டும் வேலை செய்யும். குரல் ஓங்கினால்தான் மற்ற இரண்டும் ஒவ்வொன்றாகத் திறக்கும். போவி கத்தக் கத்த, கூடத்தின் எதிரொலி குரலோடு சேர்ந்து விரிகிறது. 66 வயதின் நடுக்கத்தைக் கேட்ட காதால் முப்பது வயதின் அந்தக் கூவலைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. காலவரிசையில் எத்தனையோ முறை கேட்டபோதெல்லாம் அது வெறும் உற்சாகப் பாட்டாகத்தான் இருந்தது.

இன்னொன்று. 1969இல் ‘ஸ்பேஸ் ஆடிட்டி’யில் மேஜர் டாம் என்ற விண்வெளி வீரரை அவர் படைத்தார். 1980இல் ‘ஆஷஸ் டு ஆஷஸ்’ பாட்டில் அதே டாம் போதைக்கு அடிமையாகி வீழ்ந்தவனாகத் திரும்பி வருகிறான். இந்தத் தொகுப்பில் வீழ்ச்சி முதலில் வருகிறது, ராக்கெட் கிளம்புவது பிறகுதான். முடிவு தெரிந்தபின் அந்தப் புறப்பாட்டைக் கேட்கையில் மனம் பதைக்கிறது.

‘புதிதாகக் கேட்க வருகிறவருக்குத் தெரிந்த பாட்டு முதலில் வேண்டாமா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்காகவே 1969இல் தொடங்கி முன்னோக்கிச் செல்லும் இரண்டு தகட்டுப் பதிப்பும் அதே வேளையில் வந்தது. பழைய பாட்டின் மதிப்பும் போவிக்குத் தெரியாததல்ல. 1997இல், தன் பழைய ஆல்பங்களின் வருங்கால வருமானத்தை ஈடாக வைத்துக் கடன்பத்திரம் வெளியிட்டு 5.5 கோடி டாலர் திரட்டியவர் அவர். அப்படிப்பட்டவரின் பொன்விழாத் தொகுப்பின் வாசலில், வெற்றி பெறுமா என்றே தெரியாத, ஏழு நிமிடத்துக்கும் மேல் நீளும் ஒரு ஜாஸ் பாட்டு நிற்கிறது.

அந்தப் பாட்டு என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். மரியா ஷ்னைடரின் ஜாஸ் குழுவோடு ‘சூ’வை உருவாக்கிய நாட்களில், அதில் சாக்ஸஃபோன் வாசித்த டானி மெக்காஸ்லினை போவி அறிந்துகொண்டார். நியூயார்க்கில் ஒரு சிறிய கிளப்பில் அவர் வாசிப்பதை நேரில் போய்க் கேட்டார். பிறகு மெக்காஸ்லினின் குழுவையே அழைத்துத் தன் அடுத்த ஆல்பமான ‘பிளாக்ஸ்டார்’ செய்தார். அது 2016 ஜனவரி 8 அன்று, 69வது பிறந்தநாளில் வெளியானது. இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். ஐம்பது ஆண்டுக் கணக்கை முடித்துக் கட்ட வேண்டிய தொகுப்பின் முதல் பாட்டிலிருந்துதான் அவருடைய கடைசிப் படைப்பு முளைத்தது.

இன்று கேசட் இல்லை. செயலியில் ஒரு கலைஞரின் பெயரைத் தட்டினால், அதிகம் கேட்கப்பட்ட பாட்டுகள் மேலே வந்து நிற்கின்றன. மேலே இருப்பதால் அவையே மறுபடியும் கேட்கப்படுகின்றன. ஏ பக்கத்தின் முதல் இரண்டு பாட்டு இன்னும் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த மூத்த கலைஞர் யாராக இருந்தாலும் சரி, அவர் கடைசியாகப் பாடியதைத் தேடி எடுத்து முதலில் அதைக் கேளுங்கள். பழைய பாட்டுகள் எங்கேயும் போய்விடாது. பி பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்க வேண்டியது அவர் பாடிக்கொண்டிருக்கும்போதுதான்.